கள்ள வானொலி தொடங்க விரும்புவோர் கவனத்துக்கு

முதலில் ஒரு கப்பல் வாங்குங்கள். புதுசு வேண்டாம். கடலில் மிதந்தபடி ஒலிபரப்பிய கள்ள வானொலியான ரேடியோ கரோலினைத் தொடங்கிய ரோனன் ஓரஹிலி வாங்கியது டென்மார்க்கில் ஆள் ஏற்றி ஓய்ந்த பழைய கப்பல்தான். அப்பா பெயரில் ஒரு துறைமுகம் இருப்பது உத்தமம். ஓரஹிலியின் அப்பாவுக்கு அயர்லாந்தில் இருந்தது. ஆன்டெனா கம்பம் ஏறும்போது எதற்கு என்று கேட்க ஆளிருக்காது.

பனாமா கொடி ஏற்றி, இங்கிலாந்துக் கரையிலிருந்து மூன்று மைல் தாண்டி நங்கூரம் போடுங்கள். 1964-ல் பிரிட்டிஷ் சட்டத்துக்கு அவ்வளவுதான் நீச்சல் தெரியும்.

நேயர்களை பி.பி.சி.யே பிடித்துத் தந்தது. ரெக்கார்டு கம்பெனிகளோடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் போட்ட ஒப்பந்தப்படி, அன்று ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் அவர்களால் இசைத்தட்டு போட முடிந்தது. பீட்டில்ஸ் கேட்கத் துடித்த பிள்ளைகள் வேறு எங்கே போவார்கள்?

அலை அடித்தால் இசைத்தட்டில் ஊசி தாவும். அதன் தலையில் ஒரு காசை வையுங்கள். நங்கூரச் சங்கிலிக்குக் காசு வைத்தியம் பலிக்காது. 1966 ஜனவரியில் கரோலினின் இன்னொரு கப்பலான மி அமிகோ ஃப்ரின்டன் கடற்கரையிலேயே போய்த் தட்டி நின்றது.

போலீஸ் படகு வருகிறதா என்று பைனாகுலரும் கையுமாக நிற்காதீர்கள். வராது. 1967 ஆகஸ்டில் வந்த சட்டம் கப்பலைத் தொடவே இல்லை. பிரிட்டிஷ்காரர் யாரும் அதற்குச் சாப்பாடு, தண்ணீர், எண்ணெய் கொடுக்கக் கூடாது, விளம்பரம் தரக் கூடாது, அதில் வேலை பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். கொள்ளையரை அடக்க மளிகைக் கடையை மூடினால் போதும் என்று கண்டுபிடித்தவருக்கு ஒரு சிலை வைக்கலாம். இன்னொரு கள்ள வானொலியான ரேடியோ லண்டன், சட்டம் அமலாவதற்கு முன்பே கடையைக் கட்டியது. கரோலின் ஹாலந்துச் சாப்பாட்டில் தாக்குப்பிடித்தது. ஆனால் பாக்கி என்று ஒன்று இருக்கிறதே! 1968 மார்ச்சில் டச்சு இழுவைப்படகு கம்பெனி பணம் வரவில்லை என்று இரண்டு கப்பல்களையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆகவே, மந்திரியை விடப் பால்காரரிடம் பயபக்தியாக இருங்கள்.

அறிவிப்பாளர்களின் எதிர்காலம் பற்றிக் கவலை வேண்டாம். சட்டம் வந்த அடுத்த மாதமே பி.பி.சி. ரேடியோ 1 தொடங்கியது. முதல் நிகழ்ச்சியை நடத்திய டோனி பிளாக்பர்ன் கரோலின் கப்பலில் இருந்தவர்.

இத்தனை தொல்லை எதற்கு, லைசென்ஸே வாங்கிவிடலாமே என்கிறீர்களா? வாங்கலாம். கரோலினுக்கு மத்திய அலை லைசென்ஸ் 2017-ல் கிடைத்தது, 648 கிலோஹெர்ட்ஸில். முன்பு பி.பி.சி. உலக சேவை இருந்து காலி செய்த இடம் அது.