வெயில் தரும் தைரியம்

கேள்வி: குல்மார்க்கில் புதுப்பனி விழுந்த மறுநாள் வெயில் பளிச்சென்று அடித்தால், பாதைக்கு வெளியே பனிச்சறுக்குப் போகலாமா?

பதில்: வானத்தைப் பார்த்துக் குடை எடுக்கலாம், பனிக்குக் காலடியைத்தான் பார்க்க வேண்டும். புதுப்பனி பழைய அடுக்கோடு ஒட்டிக்கொள்ள அவகாசம் வேண்டும். காற்று அள்ளிவந்து குவித்த பனி இன்னும் மோசம். அடியில் சர்க்கரைபோல் உதிரும் அடுக்கு இருந்துவிட்டால், ஓர் ஆளின் எடையே போதும். மேலிருக்கும் பனிப்பாளம் மொத்தமாகக் கழன்று ஓடும். பெரும்பாலும் இது நடப்பது 30 முதல் 45 டிகிரிச் சரிவில். சறுக்குகிறவர்கள் ஆசையோடு தேடுவதும் அதே சரிவைத்தான்!

2023 பிப்ரவரியில் குல்மார்க்கின் அபர்வத் மலையில் போலந்துக்காரர்கள் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். 2010இல் குல்மார்க் அருகே பயிற்சியில் இருந்த ராணுவத்தினர் 17 பேரையே பனி விழுங்கியது.

புதைந்தவருக்கு இருப்பது நிமிடக் கணக்கு. ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க முடியாது. கூட வந்தவரே மீட்புப் படை. அதனால் ஒவ்வொருவரிடமும் புதைந்த இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, பனியைக் குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். மூன்றையும் சுமந்துகொண்டு தனியாகப் போகிறவரை யார் தோண்டி எடுப்பது? சரிவில் ஒருவர் இறங்கும்போது மற்றவர்கள் பாதுகாப்பான ஓரத்தில் நின்று, அவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும்.