சம்பு சாஸ்திரிக்கு ஸ்டில் எடுத்த கதை

புத்தகக் கண்காட்சியில் ‘பொன்னியின் செல்வ’னைப் புரட்டிவிட்டுத் தயங்கும் ஆளிடம் “நம்ம ஊரு கேம் ஆஃப் த்ரோன்ஸ் சார்” என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், ஐந்து பாகமும் பையில் ஏறிவிடும். 1950இல் தொடங்கி 1954இல் முடிந்த தொடர்கதைக்கு, 2011இல் டி.வி.யில் வந்த சமாச்சாரம் சிபாரிசுக் கடிதம் கொடுக்கிறது. பேரன் ஜாடையில் தாத்தா பிறந்திருக்கிறார் என்பது போல. அந்தப் பேரனும் 1996இல் நாவலாகப் பிறந்தவன்தான். அதைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்பதால் யாரும் சொல்வதில்லை.

இதைக் கேட்டு இலக்கியவாதிகள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். ‘பொன்னியின் செல்வ’னை எழுதிய கல்கி கேட்டிருந்தால் அடித்துக்கொண்டிருக்க மாட்டார். திரையைக் காட்டிக் கதை விற்கும் இந்தக் கடையைத் திறந்துவைத்தவர்களில் அவரும் ஒருவர்.

1939. ‘ஆனந்த விகட’னில் ‘தியாக பூமி’ தொடர்கதை வருகிறது. எழுதுகிறவர் கல்கி. கே. சுப்ரமணியம் அதையே படமாகவும் எடுக்கிறார். தொடர்கதை என்றால் பக்கத்துக்குப் பக்கம் ஓவியர் படம் போட வேண்டும் அல்லவா? விகடன் முதலாளி எஸ்.எஸ். வாசன் விளம்பரத் தொழிலிலிருந்து பத்திரிகைக்கு வந்தவர். படத்தின் விநியோகத்திலும் கை வைத்திருந்தவர். ஓவியத்துக்குப் பதில் சினிமா ஸ்டில்களே அச்சாயின. நாவல் சினிமாவுக்கு டிரெய்லர், சினிமா நாவலுக்குச் சித்திரம். இடது கையால் வலது கைக்கு மொய் எழுதுவதில் நம்மவர்களுக்கு அப்போதே நல்ல தேர்ச்சி.

தொடரைப் படிக்கும் மயிலாப்பூர் மாமியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கதையில் வரும் சம்பு சாஸ்திரி எப்படி இருப்பார் என்று அவர் மனதுக்குள் ஓர் உருவம் பிடிப்பதற்குள், “சிரமப்படாதீர்கள், இவர்தான்” என்று பாபநாசம் சிவன் பக்கத்தில் நிற்கிறார். சாவித்திரிக்கு எஸ்.டி. சுப்புலட்சுமி. குழந்தை சாருவுக்கு பேபி சரோஜா. அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு எத்தனையோ வீடுகளில் பிறந்த பெண்ணுக்கெல்லாம் சரோஜா என்றே பெயர் வைத்தார்கள். வாசகர் கற்பனைக்கு விடுமுறை விட்டாகிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. அதே விகடனில் ‘ஆடல் பாடல்’ என்ற பகுதியில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரோடு ஒருவர் சினிமாக்காரர்களைப் பிய்த்து உதறிக்கொண்டிருந்தார். அந்தக் கர்நாடகமும் கல்கியேதான். ஊரார் படத்தை உரித்துத் தொங்கவிட்ட பேனாவிலிருந்தே படத்துக்கான கதையும் வந்தது. தமிழ்நாட்டில் விமர்சகர் கதாசிரியர் ஆவதற்கு ஒரு பேனாவும் இரண்டு பெயரும் போதும்.

கதை என்னவோ சோடை போகவில்லை. கைவிட்ட கணவன் கோர்ட்டுக்கு வந்து மனைவியைக் கேட்க, “வேண்டுமானால் அவருக்கு ஜீவனாம்சம் நான் தருகிறேன்” என்கிற கதாநாயகி 1939க்குச் சற்று அதிகம்தான். காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்த பிறகு, 1940இல் வெள்ளைக்கார அரசு படத்துக்குத் தடை போட்டது. வாசனே காசு கொடுத்திருந்தாலும் இப்படியொரு விளம்பரம் கிடைத்திருக்காது.

கதையைத் திரைக்கு அனுப்புவதில் வாசன் கற்றுக்குட்டியும் இல்லை. அவர் எழுதிய ‘சதி லீலாவதி’ 1936இலேயே படமாகி, எம்.ஜி.ஆர். என்று ஒருவரைத் திரைக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. அதற்கும் ஒரு வருஷம் முன்னால் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ திரைக்குப் போயிருந்தாள். சரி, ஜனரஞ்சகக்காரர்கள் அப்படித்தான் என்பீர்கள். கல்கியைக் கிழிகிழி என்று கிழித்த புதுமைப்பித்தன்? அவரும் ‘அவ்வையார்’, ‘ராஜமுக்தி’ என்று வசனம் எழுதப் போனார், சொந்தப் படக் கம்பெனிகூட ஆரம்பித்தார். கொள்கை வேறு, அரிசி வேறு.

‘பொன்னியின் செல்வ’னில் மட்டும் வரிசை மாறிவிட்டது. ஸ்டில் கிடையாது, மணியத்தின் ஓவியம்தான். எம்.ஜி.ஆர். எடுக்கிறேன் என்றார், நடக்கவில்லை. கமல் ஆசைப்பட்டார், அதுவும் நடக்கவில்லை. மணிரத்னம் எடுத்த படத்தின் முதல் பாகம் 2022இல் திரைக்கு வரும் வரை நடிகர் தேர்வு வீட்டுக்கு வீடு நடந்தது. நாயகன் வந்தியத்தேவனாகத் தாத்தா எம்.ஜி.ஆரைப் போட்டார், அப்பா கமலைப் போட்டார், அண்ணன் ரஜினிதான் என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஆளை மயக்கும் நந்தினி யார் என்று கேட்டபோது மட்டும் ஆண்கள் எல்லோரும் உடனே ஒரு பெயரைச் சொன்னார்கள். பாட்டியும் அம்மாவும் புத்தகத்தைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டார்கள்.