வாசல் மெக்கானிக்

பழைய கார் ஒன்றும், மெக்கானிக்குகள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்ற உறுதியும் உடைய குடும்பஸ்தரே வாசல் மெக்கானிக். வங்கியிலும் வருவாய்த் துறையிலும் முப்பது ஆண்டு கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர்களிடையே இவ்வினம் மிகுதி. ஞாயிறு காலை, இட்லிக்குப் பிறகு, கைலியும் ஓட்டை பனியனுமாக வாசலில் தென்படுவார். ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது போன்ற வேலைகளில் குறை சொல்ல முடியாது. இவருடைய சுயரூபம் தெரியவருவது ஸ்பிரிங்கில் கை வைக்கும்போதுதான். போல்ட்டைக் கழற்றினால் கழற்றிய இடத்திலேயே கிடக்கும், ஸ்பிரிங் கிடக்காது.

இவரிடம் இருப்பது பெரும்பாலும் மாருதி 800. 1983-இல் வந்த வண்டி. 2014-இல்தான் உற்பத்தி நின்றது என்பதால் இன்னும் புது வண்டி என்பது இவர் கணக்கு. சென்னைவாசியாக இருந்தால் புது ஸ்பிரிங்கின் விலையை ஜி.பி. ரோட்டில் விசாரித்துவிட்டு, பழையதன் விலையைப் புதுப்பேட்டையில் விசாரிப்பார். இரண்டையும் வாங்காமல் திரும்பி, பரணில் உள்ள நெய் டப்பாவைக் கவிழ்ப்பார். கட்டில் ஸ்பிரிங், சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங், டார்ச் லைட் ஸ்பிரிங் என்று முப்பதாண்டுச் சேமிப்பு அதில் இருக்கும்.

முதலில் சிறியவை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார்புரேட்டரின் வாயை மூடுவது ஒரு சின்ன ரிட்டர்ன் ஸ்பிரிங். அது தளர்ந்தால் காலை எடுத்த பிறகும் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். வாசல் மெக்கானிக் நெய் டப்பாவிலிருந்து ஒன்றைத் தேர்ந்து மாட்டுவார். அளவு குறைந்தால் பெடல் கல்லாகும். கூடினால் வண்டி கிளம்பிய வேகத்தில் காய்கறிக்கடை வரை போகும். இரண்டுக்கும் இவர் தரும் விளக்கம் ஒன்றுதான்: “செட் ஆகணும்.”

அடுத்தது பின்சக்கர டிரம் பிரேக். உள்ளே இரண்டு ஷூ. அழுத்தியபின் அவற்றை இழுத்து மூட ரிட்டர்ன் ஸ்பிரிங்குகள். ஷூவைப் பின்தகட்டோடு பிடித்துவைக்க ஊசி கோத்த சிறு ஸ்பிரிங்குகள். பட்டறைகளில் ஒரு சக்கரத்தைப் பிரித்தால் மறு சக்கரத்தைத் தொடமாட்டார்கள். எது எங்கே மாட்டியிருந்தது என்பதற்குப் பிரிக்காத பக்கமே சாட்சி. வாசல் மெக்கானிக் நேரத்தை மிச்சப்படுத்த இரண்டையும் ஒன்றாகப் பிரிப்பார். மகன் செல்போனில் படம் எடுத்து வைத்திருப்பான். எல்லாப் படத்திலும் அப்பாவின் தலைதான் இருக்கும்.

ரிட்டர்ன் ஸ்பிரிங்கின் கொக்கியைக் கட்டிங் பிளேயரால் இழுக்கும் கணம் கவனிக்கத் தக்கது. நாக்கு பல்லிடையே வரும். ஒரு கண் மூடும். படிக்கும் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாகப் பதவி உயர்வு பெறும். பிறகு ‘டிங்’ என்று ஓர் ஓசை. ஸ்பிரிங் எதிர்வீட்டுத் துளசி மாடத்தில் விழும். “என்னங்க, நம்ம ஆளையே கூப்பிட்டிருக்கலாமே?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். “விழுந்த இடம் தெரியும், பேசாம இரு” என்று இவர் சொல்வார். தெரு முழுவதும் குனிந்து தேடும்.

டிக்கிக் கதவைத் தாங்கும் கேஸ் ஸ்டிரட்டில் அழுத்திய நைட்ரஜன் இருக்கிறது. கசிந்தால் மாற்றுவதொன்றே வழி, பிரிக்கக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் வாசல் மெக்கானிக் விதிக்கு முழுமையாகக் கட்டுப்படுவார். பிரிப்பதும் இல்லை, மாற்றுவதும் இல்லை. துடைப்பக் கட்டையை முட்டுக்கொடுத்துவிடுவார்.

எல்லாவற்றிலும் பெரியது முன்சக்கரத்துச் சுருள் ஸ்பிரிங். இதில் விளையாட்டு இல்லை. அழுத்திய அளவுக்கு எதிர்விசை ஏறும் என்று ராபர்ட் ஹூக் 1678-இலேயே அச்சிட்டுவிட்டார். ஒரு மில்லிமீட்டருக்கு 2 கிலோ கேட்கும் ஸ்பிரிங் 10 சென்டிமீட்டர் அமுங்கியிருந்தால் 200 கிலோ விசை உள்ளே காத்திருக்கிறது. அதனால் வண்டியை ஜாக்கியின் தயவில் விடாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டிரட்டை இறக்கி, எதிரெதிரே இரண்டு கம்ப்ரஸரை மாட்டி மாறிமாறி முறுக்க வேண்டும். ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து ஆடிய பிறகே மேல் நட்டைத் தொடலாம். வாசல் மெக்கானிக் கம்ப்ரஸருக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியை எடுத்துவரும்போதுதான், அதுவரை வேடிக்கை பார்த்த எதிர்வீட்டுக்காரர் வாய் திறப்பார்: “சார், எனக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கு, வேண்டாம்.” பலருடைய உயிர் தப்புவது இப்படித்தான்.

தப்பியவர் கம்ப்ரஸரை வாடகைக்கு எடுத்து வேலையை முடிக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். சுருள் ஸ்பிரிங்கை ஜோடியாக மாற்றுவதே முறை. பழையதும் புதியதும் ஒரே உயரம் நிற்காது. உடைந்தது ஒன்றுதானே என்று இவர் ஒன்றையே மாற்றுவார். வண்டி ஒரு பக்கம் தோளைத் தூக்கி நிற்கும். அன்றுமுதல் யார் எங்கே உட்காருவது என்பது வயதையோ மரியாதையையோ பொறுத்ததல்ல. பெரிய மச்சினர் எப்போதும் உயர்ந்த பக்கம். அவர் வராத நாளில் அந்த இடத்தில் அரிசி மூட்டை.

ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கியதும் வண்டி கடைசியில் பழைய மெக்கானிக்கிடமே போகும். அவர் கேள்வி கேட்பதில்லை. புதிதாகப் பிரிப்பதற்கு ஒரு கூலி, வீட்டில் பிரித்து மாட்டிய வண்டிக்கு இன்னொரு கூலி, இரண்டாவதுதான் அதிகம். வாசல் மெக்கானிக் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வருவார். வீட்டுக் கணக்கு நோட்டில் அந்தத் தொகை ‘டிபன், காபி’ என்ற தலைப்பில் ஏறும்.