உலாவிப் பாத்தியதை: தொகை, வகை, விரி

உலாவி ஒரு நாட்டாரின் கைப்பேசியிலோ கணினியிலோ குடியேறுவது எவ்வாறு? ‘பிடித்திருக்கிறது, வைத்துக்கொண்டார்கள்’ என்பார் உளர். இந்நூலுக்கு அஃது உடன்பாடன்று. உழுகிறவனைக் கேட்டு நிலம் கைமாறியதாக எந்த அடங்கலிலும் பதிவில்லை. ஆகவே உலாவிகளை வேகத்தால் வகுக்காமல் பாத்தியதையால் வகுக்கிறோம்.

முதலாவது இனாம். கருவி வாங்கினால் கூடவே வருவது. விண்டோசுக்கு அந்நாளில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், ஐபோனுக்கு சஃபாரி, ஆண்ட்ராய்டுக்குக் குரோம். இதற்கு உரை வேண்டா.

இரண்டாவது குத்தகை. இதில் உலாவி நிலக்கிழார், தேடுபொறி குத்தகைக்காரர். சஃபாரியில் முதல் தேடுபொறியாக இருக்க 2022இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு அளந்தது 2,000 கோடி டாலர் என்று அமெரிக்க வழக்கொன்றில் வெளிவந்தது. குரோமோடு மல்லுக்கு நிற்கும் ஃபயர்பாக்ஸ் வீட்டிலும் பெரும்பாலும் கூகுள் பணத்தில்தான் அடுப்பு எரிகிறது. இது எவ்வகை அறம் எனின், அறத்துப்பால் அன்று, பொருட்பால் என்க.

மூன்றாவது புறம்போக்கு. டேட்டா விலை கொழுத்து, கைப்பேசி மெலிந்த இடங்களில் விளைவது. நைஜீரியாவில் ஓப்பரா மினியும் இந்தியாவில் யூசியும் இப்படி வந்தவை. பக்கத்தைத் தங்கள் சர்வரிலேயே பிழிந்து, சக்கையை நிறுத்திக்கொண்டு சாற்றை மட்டும் அனுப்பின. யூசி சில ஆண்டுகள் இந்தியக் கைப்பேசிகளில் முதலிடம். ஆனால் புறம்போக்குக்கு ஏது பட்டா? 2020 ஜூன் 29 அன்று 59 சீனச் செயலிகளைக் காலிசெய்யச் சொன்ன இந்திய அரசாணையில் அதுவும் போயிற்று.

நான்காவது ஒத்தி, உரைகாரனுக்கு மிக உவப்பானது. நிலம்: தென் கொரியா. 1990களில் வலுவான குறியாக்கத்தை அமெரிக்கா வெளியே விடவில்லை. கொரியா ‘சீட்’ என்று சொந்தப் பூட்டு செய்துகொண்டது. எந்த உலாவியிலும் அது பொருந்தவில்லை. ஆக்டிவ்எக்ஸ் என்னும் கொக்கி போட்டு எக்ஸ்ப்ளோரரில் மாட்டினார்கள். வங்கி, கடை, அரசு அலுவலகம் எல்லாம் அந்தக் கொக்கியிலேயே தொங்கின. மேக் வைத்திருந்தவரும் பணம் அனுப்ப விண்டோஸ் தேடினார். 2014இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகி அணிந்த கோட்டுக்கு ஆசைப்பட்ட சீன ரசிகர்கள், கையில் காசிருந்தும், அந்தக் கொக்கியோடு ஒட்டிய மின்சான்றிதழைக் கேட்ட பக்கத்தைத் தாண்ட முடியாமல் திரும்பினார்கள். அன்றைய அதிபர் பார்க் குன் ஹே வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு விவகாரம் முற்றியது. ஒத்தி எளிதில் திரும்பாது. சான்றிதழ்ச் சட்டம் மாற 2020 டிசம்பர் ஆயிற்று.

ஐந்தாவது உச்சவரம்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் விண்டோஸ் திரையில் பன்னிரண்டு உலாவிகளை வரிசையில் நிறுத்தி, வேண்டியதை எடுத்துக்கொள் என்றது. அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் 7 திருத்தப் பதிப்பில் அந்தத் திரையே காணோம். ‘தொழில்நுட்பத் தவறு’ என்றது மைக்ரோசாஃப்ட். தவறின் விலை 56.1 கோடி யூரோ.

அற்றேல், எட்ஜ், ஓப்பரா, ரஷ்யாவின் யாண்டெக்ஸ், வியட்நாமின் கோக் கோக், கொரியாவின் வேல் என இத்தனை பேர் களத்தில் உளரே எனின், மூட்டையை அவிழ்த்துப் பார்க்க. உள்ளே விதைநெல் ஒன்றே, குரோமியம். சாக்கின் மேல் அச்சுதான் வேறு.

எஞ்சியது மயானப் புறம்போக்கு. எக்ஸ்ப்ளோரருக்கு ஆதரவு 2022 ஜூன் 15 அன்று நின்றது. கொரியாவின் கியோங்ஜு நகரில் ஒரு மென்பொருள் பொறியாளர் தம் அண்ணன் நடத்தும் காப்பிக்கடை மாடியில் அதற்குக் கல் நாட்டினார். பிறந்த நாள், இறந்த நாள், கீழே ஒரு வரி: வேறு உலாவிகளை இறக்கிக்கொள்ள நல்ல கருவியாக இருந்தார்.