மாற்றான் வாசல் மிதியாத பேட்டரி

கையில் பிடிக்கும் கருவிகளில் பேட்டரி ட்ரில்லுக்கு ஈடு இணை கிடையாது. வயர் ட்ரில்லோடு பல வருடம் மல்லுக்கட்டிவிட்டு இதற்கு வந்தவன் என்பதால், இதன் அருமை எனக்கு நன்றாகவே தெரியும்.

பழையதன் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் மோட்டாருக்குள் சுழலும் கம்யூட்டேட்டரை இரண்டு கார்பன் துண்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். பொறி பறக்கும், கரித்தூள் படியும், கார்பன் தேயும். எங்கள் ஆசாரி அண்ணன் அப்போது வேலையை நிறுத்திவிடுவார். இரண்டு பக்கமும் இருக்கும் கறுப்பு மூடிகளைத் திருப்புளியால் கழற்றுவார். சட்டைப்பையில் பொட்டலம் கட்டி வைத்திருக்கும் புதுக் கார்பனை எடுத்துப் போட்டு, வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் மூடிவிடுவார். ஆர்மேச்சரே எரிந்துபோனாலும் விடமாட்டார். காயில் கட்டும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார். பாவம், அந்த ட்ரில்லை நிம்மதியாகச் சாகக்கூட யாரும் விட்டதில்லை.

புதிய பிரஷ்லெஸ் மோட்டாருக்கு இந்த அவஸ்தை எதுவும் இல்லை. காந்தம் சுழல்கிறது, சுருள் அசையாமல் நிற்கிறது. காந்தம் எந்தத் திசையில் இருக்கிறது என்று சென்சார்கள் சொல்ல, ஒரு போர்டில் இருக்கும் ஆறு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் சுருள்களுக்கு மாற்றி மாற்றி மின்சாரம் விடுகின்றன. உரச எதுவும் இல்லாததால் சூடு குறைவு. அதே பேட்டரியில் கூடுதல் துளை போடலாம். இந்தப் பெருமையில் ஒரு சொல்லைக்கூட நான் குறைக்கமாட்டேன். அந்தப் போர்டைத் தூசியும் அதிர்வும் அண்டாதபடி பிசின் ஊற்றி இறுக்கி வைத்திருக்கிறார்கள். தூசி நுழையாத இடத்தில் சால்டரிங் அயனும் நுழையாது. ஒரே ஒரு மாஸ்ஃபெட் போனாலும் அதைத் தனியே போகவிடாமல் மொத்த போர்டும் கூடவே போகிறது. சில ட்ரில்களில் சுவிட்சும் சேர்ந்து போய், எல்லாம் ஒரே உருப்படியாகப் புதிதாக வருகின்றன. இந்த ஒற்றுமையைப் பழைய ட்ரில்லில் நான் பார்த்ததில்லை.

ஆனால் எல்லாவற்றிலும் உயர்ந்தது பேட்டரியின் ஒழுக்கம்தான். வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டுக்கு அப்படி எந்த நெறியும் இல்லை. எந்தக் கம்பெனி ட்ரில்லைச் செருகினாலும், நேற்று வரை முகமே தெரியாத மிஷினாக இருந்தாலும், கேள்வி கேட்காமல் மின்சாரம் கொடுத்துவிடும். 1961-இல் பிளாக் அண்ட் டெக்கர் வயர் இல்லாத ட்ரில்லைக் கொண்டுவந்து அந்தச் சுவரிலிருந்து நம்மை விடுவித்தது. இன்று கம்பெனிக்கு ஒரு வடிவத்தில் பேட்டரி. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே உடம்புதான்: 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 செல், அல்லது அதைவிடச் சற்றுப் பெரிய 21700. ஒன்றுக்கு 3.6 வோல்ட், ஐந்தை வரிசையாகக் கோத்தால் 18. இந்தக் கணக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொது. ஆனாலும் ஒருவருடைய பேட்டரி இன்னொருவருடைய ட்ரில்லின் வாசலை மிதிப்பதில்லை.

ஒரே வீட்டுக்குள்கூட இந்தக் கட்டுப்பாடு தளராது. பாஷ் கம்பெனியின் பச்சைக் கருவிக்கும் நீலக் கருவிக்கும் 18 வோல்ட்தான். பச்சையின் பேட்டரி நீலத்தில் உட்காராது. மகிட்டாவின் 18 வோல்ட் பேட்டரி அதன் 40 வோல்ட் கருவியில் ஏறாது. பல கம்பெனிகளுக்கும் ஒரே பேட்டரி என்ற நல்லெண்ணத்தோடு 2018-இல் மெட்டாபோ ஒரு கூட்டணி கண்டது. 2020-இல் பாஷும் ஒன்று கண்டது. இந்தக் கூட்டணியின் பேட்டரி அந்தக் கூட்டணியின் கருவியில் பொருந்தாது. 1996-இல் வந்த ரியோபியின் 18 வோல்ட் வரிசைதான் இந்த வைராக்கியம் போதாமல், நிக்கல் காட்மியம் போய் லித்தியம் வந்த பிறகும் பழைய வாயை மாற்றாமல் காலம் தள்ளுகிறது.

தாராள குணத்தையும் சொல்ல வேண்டும். டிவால்ட் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்கும் பேட்டரியை அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்கிறது. முழுச் சார்ஜில், வேலை எதுவும் செய்யாமல் இருக்கும்போது செல்லுக்கு 4 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், ஐந்துக்கு 20 சொச்சம். வேலையில் இறங்கினால் 18. அதையும் மறைக்கவில்லை, பொடி எழுத்தில் அச்சிட்டே கொடுக்கிறார்கள்.

என் ட்ரில்லின் பேட்டரி ஒருநாள் சார்ஜரில் சிவப்பும் பச்சையுமாகக் கண் சிமிட்டியது. திறக்கப் பார்த்தேன். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ, நடுவில் ஒரு சின்ன முள். அதற்கென்றே துளை வைத்த பிட் தேடி வாங்கிக் கழற்றினேன். பத்து செல்கள், இரண்டிரண்டாக ஐந்து ஜோடி. மல்டிமீட்டரில் நான்கு ஜோடி 3.7 காட்டியது. ஐந்தாவது 1.4. எல்லாரையும் காவல் காக்கும் போர்டு தன் சாப்பாட்டை அந்த ஒரு ஜோடியிடம் மட்டுமே வாங்கிவந்திருக்கிறது.

காயில் கட்டும் கடைக்காரர் இரண்டு புது செல்லை நிக்கல் பட்டை வைத்து ஒட்டிக்கொடுத்தார். ஐந்து ஜோடியும் சமமாக 3.7 காட்டின. சார்ஜரில் வைத்தேன். சிவப்பு, பச்சை. ஆழமாகக் காலியான லித்தியம் செல்லில் சார்ஜ் ஏற்றினால் தீப்பிடிக்கலாம் என்பதால் அன்று தடுத்தது நியாயம். நோய் தீர்ந்த பிறகும் போர்டு அதை மறக்கவில்லை. அப்படி ஒரு ஞாபகசக்தி. புதுப் பேட்டரியின் விலை கேட்டேன். கொஞ்சம் சேர்த்துப் போட்டால் புது ட்ரில்லே வந்துவிடும் என்று கடைக்காரர் அக்கறையோடு சொன்னார்.

போன வாரம் கதவுக்குக் கீல் மாற்ற ஆசாரி அண்ணன் வந்திருந்தார். என் ட்ரில்லை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் கட்டைவிரலால் தடவினார்.

“ஏன் தம்பி, இதுல கார்பன் எங்க போடுறது?”

“போடவே வேண்டாம்ணே.”

“அட!” என்று வியந்து, பத்திரமாக மேஜையில் வைத்தார். பிறகு தன் பையிலிருந்து பழைய ட்ரில்லை எடுத்து, வயரைக் கூடத்தின் குறுக்கே இழுத்துக்கொண்டு பிளக் பாயின்ட்டைத் தேடிப் போனார்.