கம்பம் பள்ளத்தாக்கில் நேயரைப் பிடிப்பது எப்படி?

முதலில் ஒரு மலை வாங்குங்கள். பண்பலை அலை நேர்கோட்டில் போகிற ரகம். மலை குறுக்கே நின்றால் சுற்றிக்கொண்டு வராது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் இருந்துகொண்டு அகில இந்திய வானொலியின் கோடை பண்பலை 100.5-இல் பேசினால், தேனி, திண்டுக்கல், மதுரை என்று கீழே இருக்கிறவர்கள் காதில் எல்லாம் விழுகிறது. எந்த எம்.பி.ஏ. வகுப்பிலும் இந்த உத்தியைச் சொல்லித் தர மாட்டார்கள். மலை வாங்க வசதியில்லாதவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

அடுத்தது நேயர் ஆய்வு. 2007-இல் 'ராம்' என்ற வானொலி நேயர் அளவீடு வந்தபோது, பெருநகரங்களில் பொறுக்கியெடுத்த ஆட்களிடம் ஆளுக்கொரு நாட்குறிப்பைக் கொடுத்து, எந்த நேரத்தில் எந்த நிலையம் கேட்டீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். அதை இங்கே நடத்த ஆசையா? விடிவதற்கு முன் கம்பத்தில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் தொற்றிக்கொள்ளுங்கள். மடியில் தூக்குச்சட்டியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கம்பமெட்டு வளைவில் நோட்டை நீட்டி, "இப்ப எந்த ஸ்டேஷன்க்கா ஓடுது?" என்று கேளுங்கள்.

"டிரைவரைக் கேளு தம்பி, ரேடியோ அவன் கையிலல்ல இருக்கு."

இதைவிட நேர்மையான தரவு எந்த ஏஜென்சியிடமும் கிடைக்காது. ஜீப் நிறைய நேயர்கள், ஸ்டேஷனை மாற்றும் விரல் ஒன்றே ஒன்று. பரிசு, குடை, சாவிக்கொத்து எதுவானாலும் அந்த விரலுக்கே கொடுத்துவிடுங்கள்.

என்ன பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டுக் காசைக் கரைக்க வேண்டாம். பண்ணைப்புரம் இதே பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. பதில் யார் என்று உங்களுக்கே தெரியும். எந்தப் படம் என்பதில் மட்டும் சண்டை வரும்.

போனில் பேசும் நேயர்களைக் கவனியுங்கள். "வணக்கம், சொல்லுங்க, எங்கிருந்து பேசுறீங்க?" என்றதும் சின்னமனூரோ கூடலூரோ சொல்லிவிட்டு, அம்மா, அப்பா, மச்சான், சித்தி பொண்ணு, திராட்சைத் தோட்டத்துல கூட வேலை பார்க்கிறவங்க என்று மூச்சுவிடாமல் பட்டியல் படிப்பார்கள். அறிவிப்பாளர்கள் பாதியில் வெட்டுகிறார்கள். வெட்டாதீர்கள். காசு வாங்காமல் உங்கள் நேயர் கணக்கை எடுத்துக் கொடுக்கிறார் அந்த மனிதர். "ரேடியோ சத்தத்தைக் குறைச்சுக்குங்க" என்று நீங்கள் கெஞ்ச வேண்டியிருந்தால் இன்னும் நல்லது. நிஜமாகவே உங்கள் நிலையத்தைத்தான் வைத்திருக்கிறார்.

கடைசியாக விளம்பரம். உத்தமபாளையம் உரக்கடைக்குப் போகும்போது வண்ண வண்ண வரைபடத்தைப் பையிலேயே வைத்திருங்கள். முதலாளி கல்லாவில் இருப்பார், பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். டீ வாங்கிக் கொடுத்தால் குடியுங்கள். பாட்டு முடிந்து விளம்பரம் வந்ததும் அவர் கை தானாக ரேடியோப் பக்கம் போகும். எந்த விளம்பரத்துக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது போன மாதம் நீங்களே அவருக்கு எழுதிக் கொடுத்ததாக இருக்கும்.