வாடகை பைக்கில் தாய்லாந்து

கேள்வி: நண்பர்கள் நால்வர் தாய்லாந்தில் வாடகை பைக்கில் சுற்றப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர், சேத்தியாத்தோப்பு

பதில்: கரும்பு டிராக்டருக்குப் பின்னால் பொறுமையாக ஊர்ந்து பழகிய உங்களுக்கு பாங்காக் நெரிசல் ஒரு பொருட்டா! அங்கும் இடப்பக்கம்தான். ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள், ஓராண்டு செல்லும். அதில் மோட்டார் சைக்கிளுக்கான கட்டத்தில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். காருக்கு மட்டும் குத்தியிருந்தால், விழுந்து கால் முறியும் அன்று காப்பீட்டு நிறுவனம் பெரும்பாலும் கையை விரித்துவிடும். பாஸ்போர்ட்டை ஈடாகக் கேட்கும் கடையா? அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். சாவி வாங்குமுன் வண்டியின் பழைய கீறல்களை ஒன்றுவிடாமல் செல்போனில் படமெடுங்கள். ஹெல்மெட் வார் ‘க்ளிக்’ என்ற பிறகே கியரைத் தொடுங்கள். அப்படியே வியட்நாமுக்கும் போய் ஓட்டலாமே என்று ஆசைப்படாதீர்கள்: நம் அனுமதி 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி தரப்படுவது, அங்கே செல்வதோ 1968 வியன்னா ஒப்பந்தப்படி தரப்படும் அனுமதி.